மூன்றாவது எலும்பு

கொத்தமங்கலம்,
19 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சிந்து எழுதுவது. நான், குழந்தை, இவர், அத்தை நால்வரும் நலம். அஸ்ஸாம் குளிரில் உன் மூக்கு என்ன பாடுபடுகிறது? ஆவி பிடிக்கிறாயா, இல்லை வழக்கம்போல மூக்கை மறந்துவிட்டு விடைத்தாள் திருத்துகிறாயா?

உறையைப் பார்த்துப் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றுமில்லை. பிள்ளை பெற்றவள் கைபேசியைத் தொட்டால் அதன் சூடு பாலில் இறங்கிவிடும் என்று அத்தை ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார். கைபேசியில்தான் பார்த்தார். என்னுடையது இப்போது பீரோவின் மேல்தட்டில், கற்பூர டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இவருடைய எண்ணுக்கு நீ கூப்பிட்டால் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறோம். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது, பொதுக்கூட்டம். போன வாரம் "பால் நல்லா வருதாடி?" என்று நீ கேட்டாய். வாசலில் கீரைக் கூடையை இறக்கிய அம்மாள்தான் முதலில் பதில் சொன்னார். ஆகவே இனித் தபால்.

பெயர் வைத்தாயிற்று. மாமனார் பெயர்தான், முத்துவேல். ஒரு சிக்கலை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. அத்தை தன் கணவர் பெயரை அவர் இருந்தபோதும் சொன்னதில்லை, இறந்த பிறகும் சொல்வதில்லை. அதனால் பேரனை 'அவுக' என்கிறார். "அவுக முழிச்சுட்டாகளா? அவுக துணிய நனைச்சுட்டாக, மாத்திவிடு." முப்பது நாள் வயதில் இவ்வளவு மரியாதை பெற்ற ஆள் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அம்மா இருந்திருந்தால் தலைப்பிரசவம் நம் வீட்டில் நடந்திருக்கும். நம் வீடும் இல்லை, அம்மாவும் இல்லை என்பதால் இங்கே. ஆனால் அத்தை ஒரு குறையும் வைக்கவில்லை. பத்தியம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு. பூண்டு, சுக்கு, லேகியம் உண்டு. பால், தயிர், மோர், கீரை, பழம், வெயில் கிடையாது. வயிற்றில் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஐந்தாம் மாதமே நிறுத்திவிட்டார். பிள்ளைக்கு எலும்பு முற்றினால் தலை வெளியே வராது, வயிற்றைக் கிழிக்க வேண்டிவரும் என்று பயம். பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. சுகப்பிரசவம். அதனால் அத்தை சொன்னது சரி என்றாகிவிட்டது.

முதுகு கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்றபடி சுகம்.

உன் சுகத்தை விரிவாக எழுது.

உன் அன்புத் தங்கை,
சிந்து


ஜோர்ஹாட்,
4 மார்ச் 2024

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

அக்கா நாகவல்லியின் ஆசிகள். அவுகளுக்கு என் பணிவான வணக்கத்தைச் சொல். என் மூக்கு இன்னும் முகத்தில்தான் இருக்கிறது. பள்ளியில் தேர்வு முடிந்தது. இயற்பியலில் பாதி வகுப்பு தேறியிருக்கிறது. மறுபாதி நியூட்டனை மன்னித்துவிட்டது.

பத்தியத்தைப் படித்தேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மாமியாரிடம் சொல்லாதே. தாய்ப்பாலில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதை வைத்துத்தான் அவன் எலும்பு வளர்கிறது. நீ அதைச் சாப்பிடவில்லை. அவனும் பிறக்கும்போது மூட்டை கட்டிக் கொண்டுவரவில்லை. அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது?

இன்னொன்று. உன் வரிகள் வலப்பக்கம் சரிந்து கீழே போகின்றன. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தபோது நீ எழுதிய புத்தக அட்டைகளை அளவுகோல் வைத்து எழுதியவை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இந்தக் கடிதத்தை எப்படி உட்கார்ந்து எழுதினாய்? உட்கார்ந்தா எழுதினாய்?

'முதுகு கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று எழுது. டாக்டரிடம் காட்டு.

மாப்பிள்ளை சிவசங்கரனையும் உன் மாமியாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


கொத்தமங்கலம்,
21 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் சுகம். அங்கே உன் சுகத்துக்கும், தேறாத பாதி வகுப்பின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

டாக்டரிடம் போனேன். அவர் என் முதுகைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். "பிள்ள பெத்தா இடுப்பு வலிக்கத்தானம்மா செய்யும்" என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். அது முதுகு என்று சொல்ல நினைத்தேன். வெளியே வரிசை நீளமாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை சமையலறையில் மிளகாய் வறுத்தார்கள். நான் ஒரு தும்மல் போட்டேன். முதுகுக்குள் ஏதோ மடங்கியது போல இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். "என்னத்தா, பேய் கண்டவ மாதிரி நிக்கிறே?" என்றார் அத்தை. பேய் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, விளக்கம் சொல்ல மூச்சு வரவில்லை. வெந்நீர் ஊற்றினார், நல்லெண்ணெய் தடவினார், வேப்பிலை கட்டினார். பாவம், மூன்று நாள் அவரும் தூங்கவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். அவனும் பக்கத்தில் படுத்துக் குடிக்கிறான். இருவர் வேலையும் நடக்கிறது.

ஒரு வேடிக்கை. என் புடவையெல்லாம் தரையில் புரள்கிறது. கொசுவத்தை உள்ளே இழுத்துச் செருகவேண்டியிருக்கிறது. துணி வளராது என்பதால் காரணம் வேறெங்கோ இருக்கவேண்டும். நீ இயற்பியல் ஆசிரியை, யோசி.

இப்போது முக்கியச் செய்தி. பேச்சுவாக்கில் இவர், நீ தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவள் என்பதை அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "கால் முன்னப் பெறந்தவுக மிதிச்சா எந்தச் சுளுக்கும் நிக்காதே! வீட்டுக்குள்ளயே மருந்த வச்சுக்கிட்டு ஊரெல்லாம் அலஞ்சோமே!" என்றார். வீட்டுக்குள் என்றால் ஜோர்ஹாட்டில். நீ எப்போது வருகிறாய் என்று தெருவே கேட்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், குறிப்பாகக் கால்களை.

சிந்து


ஜோர்ஹாட்,
2 ஏப்ரல் 2024

அன்புள்ள சிந்துவுக்கு,

ஆசிகள் பல. நான் நலம். உன் கடிதம் என்னை நலமாக இருக்க விடவில்லை.

என் வலது காலின் வரலாறு உனக்கு முழுதாகத் தெரியாது, நீ சின்னவள். ஆறு வயதிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நம் தெருவில் யாருக்கு முதுகு பிடித்தாலும் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். குப்புறப் படுத்திருக்கும் பெரியவர்கள் முதுகில் காலை வைத்து மூன்று முறை மிதிக்கவேண்டும். எழுந்து உட்கார்ந்து "போயிருச்சுடி ஆத்தா" என்பார்கள். எனக்கு ஒரு தேங்காய்மூடி கிடைக்கும். கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியதற்கு யாரும் தேங்காய் கொடுத்ததில்லை. இன்றுவரை என் தலைக்கு ஊரில் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அவர்களுக்குச் சுளுக்கு தானாகவே போயிருக்கும் என்று பின்னால் புரிந்தது. புரிந்த அன்றோடு அந்தத் தொழிலை விட்டேன்.

சித்திரையில் பத்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். வருவேன். கால் கூடவே வரும், வேறு வழியில்லை. ஆனால் மிதிக்காது. அதற்குள் எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிடு. புடவை விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. யோசித்தேன். யோசித்ததை எழுத மனம் வரவில்லை.

மாப்பிள்ளையிடம் நானும் பேசுகிறேன், பொதுக்கூட்டத்திலேயே.

அன்புடன்,
அக்கா


கொத்தமங்கலம்,
13 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வணக்கம். அனைவரும் சுகம்.

எக்ஸ்ரே எடுக்கவில்லை. அந்த ஒளி பாலைக் கெடுக்கும் என்கிறார்கள். நீ வந்து மிதித்தும் போகாவிட்டால் எடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. இவர் நடுநிலை வகிக்கிறார். அலுமினியக் கதவு போடுகிற மனிதர், இரண்டு பக்கமும் திறக்கும்.

வலி பெரிதாக இல்லை. தொட்டிலில் இருந்து அவனை எடுக்க மட்டும் முடியவில்லை. அழுதால் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, யாராவது வரும்வரை அவனுக்குக் கதை சொல்கிறேன். நேற்று வெகுநேரம் யாரும் வரவில்லை. எனக்குத் தெரிந்த கதையெல்லாம் தீர்ந்துவிட்டது. கடைசியில் நூலக விதிமுறைகளைச் சொன்னேன். அவன் அழுகையை நிறுத்திக் கேட்டான்.

அவனைத் தூக்கவேண்டும் அக்கா. எனக்கு வேறொன்றும் வேண்டாம். நீ மிதித்தால் அது நடக்கும் என்று நான் நம்பவில்லை. நம்பாதவர்களுக்கும் சில சமயம் நடக்கிறதா என்று தெரியவில்லை. நீ வா.

சிந்து


ஜோர்ஹாட்,
11 மே 2024

அன்புள்ள சிந்துவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மாமியார் கட்டிக்கொடுத்த அதிரசம் கவுகாத்தி வரை தாங்கியது. எதிர் இருக்கையில் வந்த ராணுவக்காரர் பாதியைத் தின்றுவிட்டு, தமிழ்நாட்டில் மக்கள் நல்லவர்கள் என்றார்.

ரயிலில் மூன்று நாளும் அந்தக் காலை நேரத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். எழுதிவிட்டால் தீரும்.

நான் மிதிக்கமாட்டேன் என்று முதல் நாளிலிருந்து சொன்னேன். உன் மாமியார் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். வெறுமனே மூன்று நாள் என் காலைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டார். நாலாம் நாள் பாயை விரித்துவிட்டார். பக்கத்து வீட்டு மாரீஸ்வரி, கோவிலூரிலிருந்து வந்த உங்கள் சொந்தக்காரர்கள், எல்லாரும் கூடத்தில்.

"நான் இயற்பியல் டீச்சரும்மா" என்றேன்.

"இருந்துட்டுப் போங்க. பெறக்கையிலேயே டீச்சராவா பெறந்தீக?" என்றார் உன் மாமியார்.

"அஸ்ஸாம் வரைக்கும் போயிட்டு வந்த காலு. பூப்போல வைக்காதீக டீச்சர், நல்லா ஒரு அழுத்து அழுத்துங்க" என்றாள் மாரீஸ்வரி.

நீ குப்புறப் படுத்து, தலையைத் திருப்பிச் சொன்னாய்: "மிதிச்சிரு அக்கா. எல்லாரும் வேலைய விட்டுட்டு வந்திருக்காக."

மிதித்தேன். இரண்டு முறை பாதத்தை வைத்து எடுத்ததோடு சரி. "இது மிதியா? கோலம் போடுறீக" என்று சிரித்தார்கள். மூன்றாம் முறை உடம்பின் எடையைக் கொடுத்தேன். நீ "ம்" என்றாய். பிறகு கையை ஊன்றி எழுந்தாய், நேராக நின்றாய், "போயிருச்சு" என்றாய். உன் மாமியார் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். சிந்து, என் படிப்பெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆறு வயதில் தேங்காய்மூடியை வாங்கியபோது இருந்த அதே பெருமை.

மறுநாள் விடிகாலை நான் புறப்படும்போது நீ வாசலுக்கு வரவில்லை. குழந்தை குடிக்கிறான் என்று படுக்கையிலிருந்தே கை காட்டினாய். சிரித்துக்கொண்டுதான் காட்டினாய்.

இப்போது எப்படி இருக்கிறது? இந்த ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் எழுது.

அக்கா


கொத்தமங்கலம்,
29 மே 2024

டீச்சர் அவுகளுக்கு,

சிந்துவோட மாமியா மீனாம்பாள் எழுதிக்கிறது. நீங்க சொகமா இருக்கணும்னு முனியய்யாவ வேண்டிக்கிறேன். நான் எழுதி ரொம்ப வருசமாச்சு, தப்பு இருந்தாப் பொறுத்துக்கங்க. போன்ல சொல்லலாம், சொல்ல ஆரம்பிச்சா மகன் போன வாங்கிக்கிறான். "கொஞ்சம் முதுகு சரியில்ல, டாக்டர்ட்ட காட்டுறோம்"னு அவன் உங்ககிட்டச் சொன்னான்ல, அம்புட்டு இல்ல விசயம்.

நீங்க போன அன்னிக்கிப் பொழுது ஏறியும் புள்ள எந்திரிக்கல. என்னத்தா அசதியான்னு தோளத் தொட்டேன். கத்துனா பாருங்க டீச்சர். வந்த நாள்லருந்து இவ சத்தம் போட்டு நான் கேட்டதில்ல. கார வச்சுக் காரைக்குடிக்கிக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்த பையன் படத்தையும் பாத்தான், இவ மொகத்தையும் பாத்தான், மதுரைக்குப் போங்கன்னான். மதுரையில சத்தியப்பிரியான்னு ஒரு லேடி டாக்டர். எம் மக வயசுதான் இருக்கும். படத்த வெளிச்சத்துல மாட்டிக் காமிச்சாக. முதுகெலும்பு அடுக்கடுக்கா இருக்குல்ல, அதுல மூணு எலும்பு வெல்லக்கட்டிய அமுக்குன மாதிரி நசுங்கிக் கெடக்கு. புள்ள ரெண்டு இஞ்சு குட்டையாயிட்டாளாம்.

பால் குடுக்குற பொம்பளைகள்ள லெச்சத்துல ஒருத்தருக்கு இப்புடி ஆகுமாம். எல்லாத்துக்கும் எலும்பு கொஞ்சம் கரஞ்சு பாலுக்குப் போகுமாம், பெறகு ஊறிக்கிருமாம். இவளுக்கு அளவில்லாமப் போயிருச்சு. "என்ன சாப்புடக் குடுத்தீங்க, வெயில்ல நடமாடுனாங்களா"ன்னு டாக்டர் கேட்டாக. நான் ஒவ்வொண்ணாச் சொன்னேன். அவுக என்னய ஏசல. நான் சொன்னத எழுதிக்கிட்டாக. ஏசியிருக்கலாம்.

பால உடனே நிப்பாட்டச் சொல்லிட்டாக. நிப்பாட்டியாச்சு. இடுப்புலருந்து நெஞ்சு வரைக்கும் ஒரு பெல்ட்டு மாட்டிருக்காக. தெனம் வயித்துல ஊசி. புள்ளயத் தூக்கக் கூடாது.

மிதிக்கச் சொன்னது நானு. பாய விரிச்சது நானு. நீங்க மாட்டேன்னுதான் சொன்னீக. அத நான் யார்கிட்டயும் மாத்திச் சொல்ல மாட்டேன்.

அவ எழுதாட்டியும் நீங்க எழுதுங்க. கடுதாசி வந்தா அவ மொகம் தெளியுது.

மீனாம்பாள்


ஜோர்ஹாட்,
20 ஜூலை 2024

அன்புள்ள சிந்துவுக்கு,

நலமா என்று எழுதி அடித்துவிட்டேன். தாளை மாற்றி மறுபடி அதையே எழுதுகிறேன். நலமா?

மாமியார் கடிதம் கிடைத்ததும் கூப்பிட்டேன். கூடத்திலிருந்து உன் குரல் "நல்லாருக்கேன் அக்கா, நீ சாப்பிட்டியா?" என்றது. சாப்பிட்டேன் என்றேன். அதன்பிறகு எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. சோம்பல் என்று வைத்துக்கொள்.

இங்கே வெள்ளம். பள்ளி மைதானத்தில் படகு விடுகிறார்கள். எட்டாம் வகுப்புக்கு அழுத்தம் என்ற பாடம் நடத்தவேண்டும். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். எடுத்துக்காட்டுக்கு ஆணி, கத்தி, யானையின் பாதம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தை வேறு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன்.

சுற்றிவளைக்காமல் கேட்கிறேன். மூன்று எலும்பு என்கிறார்கள். தும்மியபோது ஒன்று என்றால் மற்றவை எப்போது? நான் வருவதற்கு முன்பா?

அக்கா


கொத்தமங்கலம்,
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ வெள்ளத்தில் நனையாமல் இரு.

கைபேசியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். பால் நின்றுவிட்டதால் அதில் சூடு இறங்க இடமில்லை. ஆனாலும் தபாலிலேயே எழுதுகிறேன். பேசினால் நடுவில் மூச்சு வாங்குவது உனக்குக் கேட்கும்.

உன் கேள்விக்குப் பதில்: மூன்றும் பழையவை. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒன்று தும்மலில். மற்ற இரண்டும் எப்போது போயின என்று அவற்றுக்கே தெரியாது. நீ வருவதற்கு வெகுமுன்பே மூன்றும் முடிந்த விஷயம். உன் கால் ஒரு பாவமும் அறியாது. அழுத்தம் பாடத்தை நீயே நடத்தலாம்.

பாலை நிறுத்தியதை எழுதவா? இரண்டே மாத்திரை. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். அவனுக்கு மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை, அதனால் அவனுக்கு விஷயம் தெரியவில்லை. ஐந்து நாள் என்னைத் தேடினான். வாசனை தெரியும் என்பதால் என்னை மாடிக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனவே அவனை மாரீஸ்வரி வீட்டுக்கு அனுப்பினார்கள். இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவன் அழுவது எனக்குக் கேட்டது. எனக்குச் சட்டை நனைந்தது. டாக்டரிடம் கேட்டபோது, மாத்திரை முழுதாக வேலை செய்யச் சில நாள் ஆகும் என்றார்.

ஆறாம் நாள் புட்டியைப் பிடித்துக்கொண்டான். ஒரு புட்டியைக் காலிசெய்துவிட்டு ஏப்பம் விட்டான். வீடே கொண்டாடியது. நானும் கைதட்டினேன். கை தட்டலாம், தூக்கத்தான் கூடாது.

அத்தை மாறிவிட்டார். தினமும் காலையில் என் நாற்காலியை அவரே முற்றத்து வெயிலில் போடுகிறார். நிழல் நகர நகர நாற்காலியையும் நகர்த்துகிறார். தயிரைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் நிற்கிறார். எனக்குப் பழைய அத்தையைப் பிடித்திருந்தது. அவர் என்னை ஏசுவார்.

நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

சிந்து


ஜோர்ஹாட்,
15 நவம்பர் 2024

சிந்துவுக்கு,

நீ நலம் பெற வேண்டுகிறேன்.

உன் கடிதம் வந்தபிறகு இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். உண்மை. நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். அழுத்தம் பாடத்தைக்கூட நடத்தினேன். பிறகு எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. தேறிவிட்டேன் என்று சொல்லும் மாணவனிடம் நான் மதிப்பெண் பட்டியலைக் கேட்கிறவள். மாப்பிள்ளையிடம் மதுரையில் எடுத்த ஸ்கேன் படத்தைக் கேட்டேன். அவர் உன்னைக் கேட்காமல் கைபேசியில் அனுப்பிவிட்டார். அவரைக் கோபிக்காதே.

என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியையின் கணவர் இங்கே எலும்பு மருத்துவர். படத்தை அவரிடம் காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை. அவர் இரண்டு எலும்பைக் காட்டி, இவை நசுங்கிச் சில வாரம் ஆகியிருக்கும் என்றார். மூன்றாவதைக் காட்டினார். அது மட்டும் நடுவில் வெள்ளையாக இருந்தது. "இது ரத்தக்கசிவு. படம் எடுப்பதற்கு ஓரிரு நாள் முன்புதான் உடைந்திருக்கிறது. பாவம், என்ன நடந்தது, விழுந்தாரா?" என்று கேட்டார்.

ஆமாம், விழுந்துவிட்டார் என்று சொன்னேன்.

நீ ஏன் எனக்குப் பொய் எழுதினாய்? அன்று ஏன் எழுந்து நின்றாய்? நின்றிருக்காவிட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருப்பேனே. திட்டவேண்டும் என்றால் திட்டி எழுது. எதையாவது எழுது. ஆனால் சுகம் என்று எழுதாதே.

நாகவல்லி


கொத்தமங்கலம்,
24 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டுக்கொண்டபடி அந்தச் சொல்லை எழுதவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

பதிலுக்கு இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுதவேண்டும் என்று காத்திருந்தேன். இப்போது கால்மணி நேரம் உட்கார முடிகிறது. வரிகளைப் பார், நேராக இருக்கின்றன.

மூன்றாவது எலும்பு உன்னுடையதுதான். உன் பாதத்துக்குக் கீழே அது போவது எனக்குத் தெரிந்தது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். நீ மூன்று நாள் ரயிலில் தனியாகப் போகவேண்டியவள் என்று நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நீ கேட்ட "ம்". நீ போனபிறகு அத்தையிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு எழுந்து நின்றேன். எழுந்து நின்றது தவறு. எனக்கும் உனக்கும் அதனால் கெடுதல்தான். நாம் இருவரும் படித்தவர்கள், எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்று இருவருக்கும் தெரியும், இருவருமே கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக ஒரு காரியம் செய்தோம்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். அந்த எலும்பு அப்போது இருந்த நிலையில் அந்த மாதத்துக்குள் எப்படியும் போயிருக்கும், ஒரு குடம் போதும், ஒரு இருமல் போதும் என்றார். உன்னைத் தேற்ற எழுதவில்லை. நான் அதை வைத்து யோசித்தது இதுதான்: உன் கால் இல்லாவிட்டால் அவனைத் தொட்டிலிலிருந்து நான் தூக்கியிருப்பேன், அப்போது உடைந்திருக்கும். பிறகு வாழ்நாளெல்லாம் அவனிடம் பொய் சொல்லவேண்டி இருந்திருக்கும். உன்னிடம் ஒரு கடிதத்தில் சொன்னதோடு முடிந்தது.

அவனுக்குப் போன வாரம் ஒரு வயது நிறைந்தது. கேக் வெட்டினோம். அத்தை இன்னும் அவுக என்றுதான் கூப்பிடுகிறார். அவுக சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். கூடத்தில் யாரைக் கண்டாலும் முழங்காலைப் பிடித்து மேலே ஏறுகிறான். தண்ணீர்க் கேன் போடவந்தவர் மேல்கூட ஏறினான்.

என்னிடமும் வருகிறான். எட்டு மாதமாக எல்லாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: "அம்மா மேல விழுகக் கூடாதுய்யா." என் பக்கம் வந்தபோதெல்லாம் யாராவது ஓடிவந்து தூக்கிக்கொண்டார்கள். நல்லதுக்குத்தான். இப்போது யாரும் ஓடிவரவேண்டியதில்லை. என் நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் அவனே நின்றுவிடுகிறான். நான் கையை நீட்டினால் என் விரலைத் தொட்டுப் பார்ப்பான். பிறகு எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தேடி, அவர்களைப் பார்த்துக் கையைத் தூக்குவான். முந்தாநாள் பின்னால் யாரும் இல்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

சித்திரை கழிந்தால் அவனைத் தூக்கலாம், எலும்பு நன்றாக ஊறியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். அடுத்த பிள்ளை வேண்டாம் என்கிறார். இவன் ஒரு கை தூரத்தில் நிற்பதை மறக்கடிக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். மருந்துச் சீட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். ஏற்கெனவே எழுதிய ஊசியைத் தொடரச் சொன்னார்.

சித்திரையில் விடுப்புக் கிடைத்தால் வா. அவனை நான் தூக்கும்போது பக்கத்தில் ஆள் வேண்டும்.

சிந்து